குறை மட்டும்

ஜூலை 11, வெள்ளி

பிபி 150/90. மாத்திரை மூன்றும் கொடுத்தாயிற்று. மதியம் மோர்சாதம், உப்புக் குறைவாக.

இந்த நோட்டு யாமினி வாங்கிக் கொடுத்தது. "அப்பாவோட பிபி, மாத்திரை, தூக்கம் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதும்மா. திரும்பி வந்ததும் டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். பெண்ணைப் பெற்றால் இந்த வயதில் வீட்டுப்பாடம் எழுத வேண்டியிருக்கிறது. டாக்டருக்குத் தேவையில்லாததை எழுதிவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து கிளம்பி மலையடிவார மேக்கரைக்கு வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வாடகைக்கு எடுத்த வீடு. கதவைத் திறந்ததும் ஒட்டடைதான் வரவேற்றது. பின்கட்டிலிருந்து பார்த்தால் மலை நேராக எழுந்து நிற்கிறது. பாதி மலையை மேகம் தின்றுவிட்டது.

வருஷா வருஷம் சாரல் காலத்தில் இவரும் இவருடைய கூட்டாளிகளும் இங்கே வந்து, வெட்டவெளியில் கேன்வாஸைத் தாங்கும் ஈஸலை நட்டு எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி வரைவார்கள். அருளப்பன் பாங்கியில் ஓய்வு பெற்றவர். வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஈரம் காயாத கேன்வாஸ்களை அடுக்கத் தட்டு அடித்து வைத்திருக்கிறார். காதர் மைதீனுக்கு மேலூரில் போர்டு எழுதும் கடை. இந்துமதி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், இவர்களில் இளையவள். நான் வருவது இதுதான் முதல் தடவை. போன ஐப்பசியில் இவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. தடி ஊன்றி நடக்கிறார், பேச்சு பரவாயில்லை. கூட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான்.

இவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இவர் வந்து வந்து சொல்லி எனக்கு மனப்பாடம். அன்றன்று வரைந்ததைச் சாயங்காலம் கூடத்துச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்ல வேண்டும். குறை மட்டும். புகழ்ந்தவர் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். படம் போட்டவர் பதில் பேசக் கூடாது. இதை ஏற்படுத்தியது இவர்தான். சுவரில் தேறிய படங்கள்தான் இவர்கள் சேர்ந்து வைக்கும் நவம்பர் கண்காட்சிக்குப் போகும். பழைய படத்துக்கு அங்கே இடமில்லை.

உடம்பெல்லாம் வலி. வேனில் தூங்கவும் முடியவில்லை, இவர் தலை என் தோளில் விழுந்து விழுந்து எழுந்தது.

ஜூலை 12, சனி

பிபி 146/88. தூக்கம் சுமார்.

அணைக்குப் போகும் சாலையோரம், நடவு முடிந்த வயல்களுக்கு எதிரே எல்லாரும் ஈஸலை நட்டார்கள். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. மலையிலிருந்து இறங்கி வந்து ஆளைத் தள்ளுகிறது. சாரல் விழுந்தாலும் எண்ணெய் வண்ணத்தில் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். ஆனால் காற்றுக்கு எந்த வண்ணமும் பதில் சொல்லாது.

நான் டியூப் மூடிகளைத் திறந்தேன், வண்ணங்களைத் தட்டில் பிதுக்கினேன், ஈஸலின் காலை என் காலால் மிதித்துக்கொண்டு நின்றேன். இவர் இடக்கையில் பிரஷைப் பிடித்தார். புதுசாகக் கையெழுத்துப் பழகும் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். மலைக்கு இழுத்த கோடு வயலில் போய் முடிந்தது. "விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். "நீ காலை மட்டும் அழுத்திப் பிடி" என்றார்.

சாயங்காலம் சுவர். காதருக்கும் இந்துமதிக்கும் குறைகள் சரமாரியாக விழுந்தன. எங்களுக்குச் சமைத்துப் போடும் உள்ளூர்க்காரி சண்முகத்தாய் எட்டிப் பார்த்து, "எங்க ஊரை இப்படியா கெடுத்து வைப்பிய?" என்று தன் பங்குக்கு ஒன்று போட்டாள். அடுத்து இவருடைய படம்.

"அருமைண்ணே" என்றார் அருளப்பன்.

"இடக்கைல இவ்வளவு வருதுன்னா பெரிய விஷயம்ணே" என்றார் காதர்.

இந்துமதி, "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார்" என்றாள்.

"அப்ப மூணு பேரும் பாத்திரம் தேய்க்கணும் போலயே" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் தேய்க்கவில்லை. நான்தான் தேய்த்தேன்.

அருளப்பன் போகிற போக்கில், "நவம்பருக்குப் புதுசுதான் வேணும்னு இல்லண்ணே. பழசுல நல்லதா நாலு குடுங்க, உங்களுக்கில்லாத ரூலா" என்றார். நல்ல மனுஷர், நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். இவர் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னார்: "எழவு வீட்டுல பேசுற மாதிரி பேசுறாங்க மங்கை."

குழம்பை ஊற்றினேன்.

ஜூலை 13, ஞாயிறு

நாள் முழுக்க மழை. துணி காயவில்லை. இவர் பிரஷைத் தொடவில்லை.

ஜூலை 14, திங்கள்

பிபி 148/90.

பதினொரு மணிக்கே இவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. வேனில் போய்ப் படுத்துக்கொண்டார். மற்றவர்கள் ஓடைப் பக்கம் இருந்தார்கள். நான் பிரஷ் கழுவ உட்கார்ந்தேன்.

இவர் தென்னைகளுக்கு அடியில் போட்ட பச்சை வழிந்து வயலுக்குள் இறங்கியிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லையே என்று துணியால் துடைத்தேன். துடைத்த இடம் வெறிச்சென்று இருந்தது. தட்டில் மிஞ்சிய வண்ணத்தை வழித்து எறிவதற்குப் பதிலாக அங்கே கொஞ்சம் தொட்டு வைத்தேன். தென்னையின் நிழல்தான். அல்ட்ராமரின் நீலம் கொஞ்சம், பர்ன்ட் சியன்னா பழுப்பு கொஞ்சம், நுனியளவு சிவப்பு. நிழலில் சிவப்பு இருந்தால்தான் பக்கத்துப் பச்சை அடங்கி உட்காரும். அவ்வளவுதான். தட்டைச் சுத்தம் செய்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

நானும் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவள்தான், இவரும் நானும் ஒரே வகுப்பு. பிறகு கல்யாணம், யாமினி, மாமியாரின் படுக்கை. எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு ஈஸல்தான் நிற்கும். எல்லாம் மறந்துவிட்டது.

சாயங்காலம் சுவரில் இவருடைய படம் வந்தது. மறுபடியும் எழவு வீடு என்று நினைத்தேன். காதர் முன்னால் குனிந்தார்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தத் தென்னை நெழல் கொஞ்சம் ஓவர். மத்ததையெல்லாம் அமுக்குது."

அருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமாண்ணே. மேகமும் மலையும் ஒரே கனத்துல இருக்கு" என்றார். இந்துமதியும் ஒன்று சொன்னாள்.

இவர் விதிப்படி வாயைத் திறக்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அறைக்குள் வந்ததும் என் கையைப் பிடித்து, "திட்டிட்டான் பாத்தியா! காதர் திட்டிட்டான்டி!" என்றார். இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்தது.

ஆனால் நிழல் ஓவர் இல்லை. பத்தரை மணிக்கு ஒரு நிமிஷம் வெயில் விழுந்தது. அப்போது நிழல் அப்படித்தான் இருந்தது. நான் பார்த்தேன். காதர் அப்போது பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

பிபி 136/84. டாக்டர் சந்தோஷப்படுவார்.

இன்று இவர் வாய்க்காலையும் அதற்கு அப்பால் மலையையும் எடுத்தார். நேற்று மாதிரியே பதினொரு மணிக்கு வேனில் படுக்கை. வாய்க்கால் தண்ணீர் சாலையைவிட மேடாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் இறக்கினேன். இறக்கியதும் கரை தனியாக நின்றது, அதனால் கரையையும் தொட வேண்டியதாயிற்று. கரையில் புல். புல்லுக்கு ஓக்கர் மஞ்சளைத் தொட்டுக்கொண்டிருந்தபோது இந்துமதி வந்து நின்றாள்.

"தண்ணி பாட்டில் எடுக்க வந்தேன்க்கா."

"பிரஷ் கழுவுறேன்" என்றேன்.

என் பிரஷ் நுனியில் மஞ்சள். அவள் பிரஷைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "கழுவுங்கக்கா" என்றுவிட்டுப் போனாள். பாட்டிலை எடுக்கவில்லை.

சுவரில் நல்ல சண்டை. வாய்க்கால் கரை ரொம்ப நறுவிசாக இருக்கிறது என்றார் காதர். நறுவிசாக இருந்தால் என்ன, கரை சேறாக இருக்க வேண்டுமா? அருளப்பன் உற்சாகத்தில், "பழைய சிகாமணி அண்ணன் வந்தாச்சுய்யா! நவம்பருக்கு அண்ணனோட புதுசு ரெண்டையும் வைக்கிறோம்" என்று கத்தினார். "அது புகழ்ச்சி. போய்ப் பாத்திரம் தேய்" என்றார் இவர். அருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்தார். இவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. ஐப்பசிக்குப் பிறகு இன்றுதான் இப்படிச் சிரித்தார்.

எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. காலையிலிருந்து நின்ற கால்வலியாக இருக்கும்.

ஜூலை 16, புதன்

பிபி பார்க்க மறந்துவிட்டது. காலை மாத்திரையைப் பத்து மணிக்குத்தான் கொடுத்தேன்.

விடியும்போதே முழிப்பு வந்தது. மலையடிவாரத்தில் மேகம் தரைவரைக்கும் இறங்கி, தென்னந்தலைகள் மட்டும் மிதந்தன. உற்றுப் பார்த்தால் அது வெள்ளை இல்லை. வெள்ளையில் துளி நீலமும் அதைவிடத் துளியாக ஓக்கரும். அப்போதே மனசுக்குள் கலந்துவிட்டேன். இட்லிக்குச் சட்னி அரைக்கச் சண்முகத்தாயிடம் சொல்ல மறந்து, எல்லாரும் பொடி தொட்டுத் தின்றார்கள்.

இவர் எப்போது கை ஓய்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். எழுதிய பிறகு படித்தால் மோசமாக இருக்கிறது, இருக்கட்டும். இன்று சீக்கிரமே, பத்தரைக்கே படுக்கப் போனார். மலை மட்டும் இவருடையது. மேகமும் தென்னையும் வயலும் நான் சரிசெய்தேன். நேரம் போனதே தெரியவில்லை, கால்வலியும் தெரியவில்லை. வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். புடவை முந்தியில் வண்ணம். சோப்புப் போட்டும் போகவில்லை.

சுவரில் படங்களைச் சாய்த்தபோது கரண்ட் போய்விட்டது. காதர் டார்ச் அடித்தார். பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் வண்ணத்தின் மேடு பள்ளம் எல்லாம் எழுந்து நின்றது. "இன்னும் சாய்ச்சுப் பிடி" என்றார் இவர். தடியை ஊன்றிக் குனிந்து தம் படத்தையே பார்த்தார். இடக்கையைக் காற்றில் ஒரு தரம் இங்கிட்டும் ஒரு தரம் அங்கிட்டுமாக இழுத்துப் பார்த்தார். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி போல என்று நினைத்தேன்.

குறை கேட்கவில்லை. தலைவலி என்று உள்ளே போய்விட்டார்.

ஜூலை 17, வியாழன்

காலையில் காப்பி கொடுக்கப் போனேன். கூடத்தில் நான் தொட்ட மூன்று படங்களும் தரையில் கிடந்தன. மூன்றையும் கத்தியால் சுரண்டியிருக்கிறார். எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது, சுரண்டினால் வழித்துக்கொண்டு வந்துவிடும். இடக்கையில் மேலாக மட்டும் சுரண்ட வராது. அடியில் இருந்த இவருடைய வண்ணமும் சேர்ந்து போயிருந்தது. கேன்வாஸில் அழுக்கு நிறத்தில் ஒரு கறைதான் மிச்சம். கத்தியின் ஓரத்தில் என் மேகம் திரண்டு இருந்தது.

இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"நீ பிரஷால போடுற தீத்தல் வலப்பக்கமாச் சாயும். என் இடக்கை போடுறது எதிர்ப்பக்கம் சாயும். படத்துல பாதி அங்கிட்டு, பாதி இங்கிட்டு. ஒரே வயல்ல ரெண்டு காத்தா மங்கை அடிக்கும்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. வண்ணத்தைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

"மூணு நாளாச் சந்தோஷமாச் சாப்பிட்டீங்கள்ல?" என்றேன்.

"அதான்டி கேவலமா இருக்கு. அவனுக என்னையத் திட்டுறானுகன்னு நினைச்சேன். உன்னையத் திட்டியிருக்கானுக."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். சுரண்டணுமா? அது என்னோடது!"

கத்திவிட்டேன். சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "உன்னோடதுன்னா உன் கேன்வாஸ்ல போடு."

"எனக்கு எங்க இருக்கு கேன்வாஸ்? நம்ம வீட்டுல ஒரு ஈஸல்தான நிக்கும்?"

இவர் கத்தியைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார்.

பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். இவருக்காக அழவில்லை. அந்த நிழல் நன்றாக இருந்தது. நேற்றைய மேகம் அதைவிட நன்றாக இருந்தது. அதைச் சொல்ல ஒருவர் இல்லை. காதர் ஓவர் என்றார், இவர் சுரண்டிவிட்டார், நானோ பிரஷ் கழுவினேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

யாரும் இன்று வெளியே போகவில்லை. மழை என்று சொல்லிக்கொண்டார்கள். மழை இல்லை.

ஜூலை 18, வெள்ளி

பேச்சுவார்த்தை கிடையாது. மாத்திரையை டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். போட்டுக்கொண்டார்.

இவர் தனியாகக் கிளம்பினார். அருளப்பன் ஈஸலைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்கு எதிர் வயலில் நட்டுக் கொடுத்தார். நான் போகவில்லை. வீட்டிலிருந்தே பார்த்தேன். டியூப் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிறார். ஒரு தரம் ஈஸல் சாய்ந்தது. தடியால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். தடியைக் கொடுத்துவிட்டதால் தாம் நிற்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தே வரைந்தார். எனக்கு இங்கே கால் துறுதுறுவென்றது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் இந்துமதியிடம் கேட்டேன். "ஒரு கேன்வாஸ் இருந்தாக் குடும்மா."

"வெள்ளை பூசி ப்ரைம் பண்ணது ஒண்ணு மிச்சம் இருக்குக்கா. ஈஸலும் வேணுமா? எங்கிட்ட மடக்குறது ஒண்ணு இருக்கு."

யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. நல்ல பெண்.

சுவர் வேண்டாம் என்று அருளப்பன் சொல்லிவிட்டார். "அண்ணனுக்கு எதுக்குச் சங்கடம்? கடைசி நாள் ஒரு தடவை மொத்தமா வச்சுக்கிடுவோம்" என்று சமையற்கட்டில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். நவம்பரைப் பற்றிப் பேசவில்லை. சுரண்டிய மூன்றும் குப்பை. புதிதாக ஒன்று தேறவில்லை என்றால் பழசுதான். பழசைக் கொடுத்தால் இவர் அடுத்த வருஷம் இங்கே வர மாட்டார். ஈஸலை மடக்கிப் பரணில் போட்டுவிடுவார். எனக்குத் தெரியும்.

ஜூலை 19, சனி

எனக்கும் இவருக்கும் நடுவில் ஒரு வயல் தூரம். வண்ணப்பெட்டி ஒன்றுதான். இத்தனை நாள் டியூபைப் பிதுக்கி விட்டவள், எனக்கும் அதில் பங்கு உண்டு. வேண்டியதை என் தட்டில் பிதுக்கிக்கொண்டு, பெட்டியை இவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். மூடிகளைத் திறந்தே வைத்தேன். பேச்சு இல்லை என்றாலும் பல் இருக்க வேண்டும் அல்லவா.

எதிரே வெள்ளைக் கேன்வாஸ். அடியில் இவருடைய படம் இருந்தால் சரிசெய்யலாம். இதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் சும்மா நின்றேன். பிறகு தென்னையின் நிழலில் ஆரம்பித்தேன், போன தடவை சுரண்டப்பட்ட அதே நிழல்.

நடுவில் இவர் கையிலிருந்து ஒரு டியூப் நழுவிச் சேற்றில் விழுந்தது. நான் பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். இவர் தடியின் நுனியால் அதைத் தம் பக்கம் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து, குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்தார். நான் பிரஷை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு நான் செய்த வேலைகளிலேயே சிரமமானது அதுதான்.

சாயங்காலம் சுவர். இவருடைய படம் நடுவில். தீற்றல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, வயலும் தென்னையும் மேகமும் ஒரே காற்றில் அகப்பட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. கோணல்தான். மலை எருமை படுத்திருப்பது போல இருந்தது. ஆனால் அந்தக் காற்று நாங்கள் எல்லாரும் இத்தனை நாளாகப் பட்ட காற்று. சுவரில் இருந்த வேறு எந்தப் படத்திலும் அது இல்லை.

அருளப்பன் கையைக் கட்டிக்கொண்டார். "அருமைண்ணே" என்று ஆரம்பித்தார்.

இவர் முகம் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மலை மிதக்குது" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்தேன்.

"அடியில நெழல் இல்ல. வயல் மேல தூக்கி வச்ச மாதிரி இருக்கு. தள்ளினா உருண்டுரும். மேகத்துல வெள்ளையை அப்படியே டியூப்ல இருந்து எடுத்து அப்பியிருக்கு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

"மதினி..." என்றார் காதர், பாவம்.

"குறைதான சொல்லணும்? சொல்றேன்."

இவர் படத்துக்குப் பக்கத்தில் போய் மலையின் அடியை ரொம்ப நேரம் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். விதியை மறந்து, "ஆமா. மிதக்குது" என்றார். அப்புறம் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "என்னடா நிக்கிறீங்க? அவ ஒருத்திதான் கண்ணு வச்சிருக்காளா?" என்று அதட்டினார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா! காதர் தென்னையைப் பிடித்துக்கொண்டார், இந்துமதி வரப்பைப் பிடித்துக்கொண்டாள், அருளப்பன் எருமையைச் சொல்லியே விட்டார். கடைசியில் அவரே, "இத நவம்பருக்கு வைக்கலேன்னா வேற எதை வைக்கிறது?" என்றார். யாரும் மறுக்கவில்லை.

இந்துமதி எழுந்து போய், நான் சமையற்கட்டில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த கேன்வாஸை எடுத்துவந்து வரிசைக் கடைசியில் சாய்த்தாள். நான் தடுக்கவில்லை. கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"யாத்தே! மதினி, இது நீங்க போட்டதா? பிரமாதம்!" என்றார் அருளப்பன்.

"நீ பாத்திரம் தேய்" என்றார் இவர், அவர் பக்கம் திரும்பாமலே.

தடியை ஊன்றிக்கொண்டு என் படத்தின் முன்னால் வந்து நின்றார். கல்லூரியில் என் பக்கத்து ஈஸலில் நிற்கும்போது இப்படித்தான் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அது எனக்கு மறந்துபோயிருந்தது.

"நெழல் நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "இல்ல. குறை சொல்றேன். எல்லாத்தையும் எடுத்து அடுக்கி வச்சிருக்க, நம்ம வீடு மாதிரி. புல்லு புல்லு இடத்துல இருக்கு, தண்ணி தண்ணி இடத்துல இருக்கு. இத்தனை காத்து அடிக்குது, உன் படத்துல ஒரு ஓலை அசையல. பயந்து பயந்து போட்டிருக்க மங்கை. ஒரு இடத்துலயாவது கலைச்சு விடு."

சுருக்கென்று தைத்தது. வீடு ஏன் அடுக்கி வைத்திருந்தது, யார் கலைத்தார்கள், யார் அடுக்கினார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரைக்கும் வந்தது. படம் போட்டவர் பதில் பேசக் கூடாது என்பது விதி. பேசவில்லை.

ஆனால் இவர் சொன்னது சரி. என் படத்தை நிறுத்தி வைத்து ஒருவர் முழுசாகப் பார்த்துக் குறை சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.

அருளப்பன் தேய்த்ததில் குழம்புச் சட்டியில் பிசுக்குப் போகவே இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று ராத்திரி மாத்திரை கொடுத்தேனா என்று நினைவில்லை. பிபி மெஷின் பைக்குள் எங்கேயோ அடியில் போய்விட்டது. இந்த நோட்டை டாக்டரிடம் காட்ட முடியாது. கிழிக்கத் தொடங்கினால் அட்டைதான் மிஞ்சும். யாமினியிடம் மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

வேன் பத்து மணிக்குத்தான் கிளம்பும். விடிந்து கொஞ்ச நேரந்தான் ஆகிறது. காப்பி டம்ளர்கள் கழுவாமல் கிடக்கின்றன, துணிகளை மடிக்கவில்லை. வெளியே காற்று தென்னந்தலைகளைப் பிடித்து உலுக்குகிறது. நேற்றைய கேன்வாஸ் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. கலைத்துவிட இப்போது விட்டால் முடியாது.

ஆனால் இந்தக் காற்றுக்கு ஈஸலின் காலை மிதித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். உள்ளே போய் இவரை எழுப்பினேன்.

"என்னடி?"

"எந்திரிங்க. ஈஸலைப் பிடிக்கணும்."

செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.